வசனம் புரியவில்லை: எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது

வசனம் வரும்போது வால்யூமை ஏற்றுவதும், பாட்டோ சண்டையோ தொடங்கியதும் பதறிக் குறைப்பதுமாக, படம் முடியும்வரை ரிமோட்டைக் கீழே வைக்க முடியாத நிலை பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இதைச் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், நீளமான ஒரு பட்டையும் தாழ்ந்த ஒலிகளுக்கென்று தரையில் வைக்கும் ஊஃபர் பெட்டியும் சேர்ந்த 2.1 சவுண்ட்பாரைத்தான் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள். வசனத் தெளிவு ஒன்றையே நோக்கமாகக் கொண்டு வாங்குவோருக்கு, இருக்கும் வழிகளிலேயே மிகக் குறைந்த பயன் தருவது அதுதான் என்பது என் கருத்து. காசு செலவில்லாத சில மாற்றங்கள் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன. செலவு செய்தே ஆக வேண்டும் என்றாலும் அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. எந்த வழி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதோ, சொற்கள் எந்த இடத்தில் தொலைந்துபோகின்றன என்பதைப் பொறுத்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். முதலில் செய்திச் சேனல் ஒன்றை வைத்து, செய்தி வாசிப்பவர் தனியாகப் பேசும் பகுதியை வழக்கமான இடத்தில் அமர்ந்தபடி கேளுங்கள். மைக்குக்கு அருகில், பின்னணி இசை ஏதுமின்றிப் பேசப்படும் அந்தக் குரலே மங்கலாக இருந்தால், சிக்கல் தொலைக்காட்சியின் ஸ்பீக்கரிலோ அறையிலோ காதிலோ இருக்கிறது. படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்தி தெளிவாக இருந்து படம் மட்டும் குழப்பினால், படத்தின் ஒலிக்கலவையையோ (வசனம், இசை, ஓசைகள் மூன்றையும் எந்த அளவில் சேர்த்திருக்கிறார்கள் என்பதையோ) அது உங்கள் பெட்டிக்கு வந்துசேரும் விதத்தையோ சந்தேகிக்கலாம். அடுத்து, புரியாமல் போன அதே காட்சியைக் கைபேசியில் வயர் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். வசனம் தெளிந்துவிட்டால் தவறு ஸ்பீக்கர் மீதும் அறை மீதும். அப்போதும் தெளியவில்லையென்றால் கலவையே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. வீட்டில் மற்ற அனைவருக்கும் புரிந்து ஒருவருக்கு மட்டும் புரியவில்லை என்றால், அவரை அழைத்துப்போக வேண்டிய இடம் எலக்ட்ரானிக்ஸ் கடை அல்ல.

கலவை ஏன் இப்படி அமைகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் தீர்வுகளின் தராதரம் இங்கேதான் தெரியவருகிறது. திரையரங்குக்கான கலவைக் கூடங்களில், பதிவின் உச்ச அளவுக்கு 20 டெசிபல் கீழே உள்ள ஒரு சோதனை ஒலி, இருக்கையில் 85 டெசிபலாகக் கேட்கும்படி திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் அளந்து சரிசெய்யப்படுகிறது. அப்படியானால் ஒரு ஸ்பீக்கர் எட்டக்கூடிய உச்சம் 105 டெசிபல். அந்த அளவில் அமர்ந்து கலவை செய்பவருக்கு, கிசுகிசுப்பான ஒரு வசனம்கூட அமைதியான அந்த அறையில் துல்லியமாகக் கேட்கும். வீட்டில் நாம் வைக்கும் அளவோ, எதிரில் இருப்பவர் இயல்பாகப் பேசும் 60 டெசிபலை ஒட்டியது. எடுத்துக்காட்டாக, அரங்கில் 75 டெசிபலில் ஒலித்த சாதாரண வசனத்தை வீட்டில் 60க்கு இறக்கினால், அங்கே 50 டெசிபலில் இருந்த தழுதழுத்த குரல் இங்கே 35க்கு இறங்கி, தலைக்கு மேல் முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறியின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அந்தக் குரலுக்காக வால்யூமை ஏற்றினால் அடுத்த காட்சியின் வெடிச்சத்தமும் அதே அளவு ஏறும். சிக்கல் ஒலியின் அளவில் இல்லை. மென்மைக்கும் உரத்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது.

சில வேளைகளில் இது இயக்குநரின் விருப்பமாகவே இருக்கும். கிறிஸ்டோஃபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லர்’ 2014இல் வந்தபோதும், ‘டெனெட்’ 2020இல் வந்தபோதும், வசனம் இசைக்கும் இரைச்சலுக்கும் அடியில் புதைந்துவிட்டது என்று பார்வையாளர்கள் பரவலாகக் குறைப்பட்டுக்கொண்டார்கள். படத்தின் ஒலியைத் தாம் திட்டமிட்டே அவ்வாறு அமைத்ததாக நோலன் பதிலளித்தார். பிரிட்டனில் 2014 ஏப்ரலில் பிபிசி ஒளிபரப்பிய ‘ஜமைக்கா இன்’ தொடரின் வசனங்கள் புரியவில்லை என்று 2,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அங்கே பழி பாதி ஒலிக்கும் பாதி நடிகர்களின் முணுமுணுப்புக்கும் போனது. இத்தகைய படைப்புகளுக்கு வீட்டில் எந்தக் கருவி வாங்கினாலும் ஓரளவுக்கு மேல் பலன் இராது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. அவற்றுக்கு உருப்படியான வழி சப்டைட்டில்தான்.

ஓடிடி நிறுவனங்களின் விதிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கு 2010இல் வகுக்கப்பட்ட ஆர் 128 என்னும் பரிந்துரை, நிகழ்ச்சி முழுவதன் சராசரி உரப்பு -23, அதாவது பதிவின் உச்ச அளவுக்கு 23 டெசிபல் கீழே, இருக்க வேண்டும் என்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் கேட்பதோ, வசனப் பகுதிகளை மட்டும் அளந்து -27. உச்சம் -2ஐத் தாண்டக்கூடாது. வசனத்தை அளவுகோலாகக் கொள்வதால் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போது பேச்சின் அளவு பெரிதாக மாறாது என்பது இதன் நன்மை. ஆனால் வசனத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே 25 டெசிபல் இடம் விடப்படுகிறது என்பதும் அதே விதியின் மறுபக்கம். பத்து டெசிபல் ஏறினாலே நம் காதுக்கு ஒலி ஏறக்குறைய இரட்டிப்பாகத் தோன்றும் என்பதை நினைத்தால், அந்த 25இன் பொருள் விளங்கும்.

தமிழ்ப் படங்களின் நிலைமை வேறு. நம் படங்களில் வசனம் நெடுங்காலமாக டப்பிங் அரங்கில், மைக்குக்கு மிக அருகில் நின்று பேசிப் பதிவுசெய்யப்படுவது. எனவே குரல் தன்னளவில் எதிரொலியின்றித் தெளிவாகவே இருக்கும். ‘லகான்’ (2001), ‘விருமாண்டி’ (2004) போன்ற படங்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவுசெய்யும் லைவ் சவுண்டைக் கையாண்டபோது, நடிப்பின் உயிர்ப்போடு இடத்தின் ஒலிகளும் சேர்ந்தே வந்தன. இந்த முறையைத் தெளிவின்மைக்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல ஒலிப்பதிவாளர் எடுத்த லைவ் சவுண்ட், அவசரமாகப் பேசி முடித்த டப்பிங்கைவிடத் தெளிவாக இருக்கும். தமிழில் வசனத்தை விழுங்குவது பெரும்பாலும் பின்னணி இசை. நாயகன் பேசும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் தாளமும் மேலே கூட்டிசையும் ஓடிக்கொண்டிருந்தால், எவ்வளவு தெளிவான குரலும் திணறத்தான் செய்யும். அரங்கில் நடு ஸ்பீக்கரிலிருந்து வசனமும் பக்க ஸ்பீக்கர்களிலிருந்து இசையும் வருவதால் காது இரண்டையும் திசையை வைத்துப் பிரித்துக்கொள்கிறது; வீட்டில் எல்லாம் ஒரே இடுக்கிலிருந்து வருகிறது.

இனி வழிகளுக்கு வரலாம். காசில்லாதவற்றில் முதலில் செய்ய வேண்டியது, எந்த ஒலித்தடம் ஓடுகிறது என்று பார்ப்பது. தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரிலோ இரண்டே ஸ்பீக்கர் கொண்ட சவுண்ட்பாரிலோ கேட்பவர்கள், ஓடிடியின் ஒலி மெனுவில் ‘தமிழ் 5.1’, ‘தமிழ்’ என்று இரண்டு இருந்தால் 5.1 என்று போடாததைத் தேர்ந்தெடுக்கலாம். 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஓர் ஊஃபருக்கும் தனித்தனியாக ஒலி பிரிக்கப்பட்ட தடம்; அதில் வசனம் நடு அலைவரிசையில் தனியாக இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கு அதை மடிக்கும்போது நடுவிலுள்ளது 3 டெசிபல் குறைக்கப்பட்டு இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் சேர்க்கப்படும். சுற்றுப்புற ஒலிகளும் அதே இரண்டு ஸ்பீக்கர்களில் வந்து குவியும். குவிந்தது அளவு மீறிப் பிசிறடிக்காமல் இருக்க முழுவதும் மறுபடி தணிக்கப்படும். ஸ்டீரியோவுக்கென்றே ஒலிப்பதிவாளர் தயாரித்த தடம் இருக்குமானால், இந்த இயந்திர மடிப்பைவிட அது நிச்சயம் மேல். தனித் தடம் இல்லாதபோது, தொலைக்காட்சியின் அமைப்புகளில் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றிப் பார்க்கலாம். வெளியே இணைத்த கருவி செய்துவந்த மடிப்பைத் தொலைக்காட்சியே செய்யும்; எது நன்றாகச் செய்கிறது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். கூடவே சரவுண்ட், வர்ச்சுவல், 3டி என்று தொடங்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒலியைப் பக்கவாட்டில் பரப்பிக் காட்டும் அந்த வித்தைகள் நடுவிலுள்ள குரலைக் கரைத்துத்தான் அதைச் சாதிக்கின்றன.

அடுத்தது நைட் மோட், ஆட்டோ வால்யூம் போன்ற பெயர்களில் இருக்கும் வசதி. மேலே சொன்ன இடைவெளியை நேரடியாகச் சுருக்குவது இது ஒன்றுதான்: உரத்ததைத் தணித்து, மென்மையானதை உயர்த்துகிறது. படத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும் என்று ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அது உண்மைதான், ஆனால் இரவு பத்து மணிக்கு, பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது, அந்த ஏற்ற இறக்கத்தை எப்படியும் யாரும் முழுமையாக அனுபவிக்கப் போவதில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே படம் பார்ப்பவர், விரலால் அரைகுறையாகச் செய்யும் வேலையைத்தான் இது ஒழுங்காகச் செய்கிறது.

குரலை உயர்த்தும் முறைகள் இதிலிருந்து வேறுபட்டவை. எல்ஜியில் க்ளியர் வாய்ஸ், சாம்சங்கில் ஆம்ப்ளிஃபை, மற்றவற்றில் ஸ்பீச், டயலாக், நியூஸ் என்று பலவாறு பெயர் பெறும் இவை, பேச்சின் தெளிவு அடங்கியுள்ள நடு, மேல் அதிர்வெண்களை உயர்த்திக் கொடுக்கின்றன. டப்பிங் பேசிய தமிழ்ப் படங்களுக்கும் சீரியல்களுக்கும் இவை நன்றாகவே உதவுகின்றன. லைவ் சவுண்ட் படங்களில் குரலோடு தெரு இரைச்சலும் சேர்ந்து உயரும். நாதஸ்வரமும் வயலினும் ஒலிக்கும் பின்னணி இசை அதே அதிர்வெண்களில் இருப்பதால் அதுவும் உயரும். நாள்பூராவும் இதைப் போட்டு வைத்தால் பாட்டுகள் தகரத்தில் அடித்ததுபோல் ஒலிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அமேசான் பிரைம் 2023இல் கொண்டுவந்த டயலாக் பூஸ்ட் இவற்றைவிட ஒரு படி மேலானது: படத்தின் ஒலியை முன்கூட்டியே ஆராய்ந்து, வசனம் அமுங்கும் இடங்களை அடையாளம் கண்டு குரலை மட்டும் தூக்கிவிடுகிறது. ஆனால் தேர்ந்தெடுத்த சில படைப்புகளில் மட்டும்தான் அது உண்டு. பார்க்க நினைத்த படத்தின் ஒலி மெனுவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். அதை நம்பிச் சந்தா கட்டுவது பொருந்தாது.

ஆங்கிலப் படங்களைப் பொறுத்தவரை நம்மவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: தமிழ் டப்பிங்கில் பார்ப்பது. இதைச் சொன்னாலே சினிமா ஆர்வலர்களுக்குக் கோபம் வரும். ஆனால் ஒலியை மட்டும் கணக்கில் கொண்டால், இசையும் ஓசைகளும் மட்டும் அடங்கிய தடத்தின் மேல், அரங்கில் தெளிவாகப் பேசிய குரல்களை வைத்துக் கலப்பதால், மூலத்தில் முணுமுணுப்பாக இருந்த வரிகூட டப்பிங்கில் முழுதாகக் கேட்கிறது. நடிகரின் சொந்தக் குரலை இழக்கிறோம் என்பது பெரிய இழப்பே. படத்துக்குப் படம் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. வீட்டிலுள்ள பெரியவர்கள் உடன் பார்க்கும் சாகசப் படத்துக்கு டப்பிங்கும், தனியே பார்க்கும் படத்துக்கு மூல மொழியும் சப்டைட்டிலும் என்று பிரித்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு.

சப்டைட்டில் மற்ற எல்லா வழிகளையும்விட உறுதியானது, காசும் இல்லை. வசனம் எவ்வளவு மோசமாகக் கலக்கப்பட்டிருந்தாலும் எழுத்தில் அது தப்பாது. ஆனால் தமிழ்ப் படங்களுக்கு ஓடிடிகளில் பல வேளைகளில் கிடைப்பது ஆங்கில சப்டைட்டில் மட்டுமே. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது திரையின் கீழே ஓடும் கோடுதான். படிக்கத் தெரிந்தவர்களுக்கும், திருநெல்வேலி வழக்கிலோ கொங்கு வழக்கிலோ வந்து விழும் ஒரு சொல்லின் சூட்டை ஆங்கிலச் சுருக்கம் ஈடுசெய்யாது; நகைச்சுவைக் காட்சியில் வரி முன்னால் வந்துவிட்டால் சிரிப்பும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் என்பதை ஏதோ விசித்திரமாகப் பார்க்கும் மனப்பான்மை தயாரிப்பாளர்களிடமிருந்து போக வேண்டும். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் திரையரங்குகளில் வசதிகள் செய்ய வேண்டும் என்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; அது முழுதாக நடைமுறைக்கு வருமானால் வீட்டில் பார்ப்போருக்கும் அதன் பலன் சேரும்.

இவையெல்லாம் செய்து பார்த்தும் போதவில்லை என்போர் பணம் செலவழிக்கும் வழிகளைப் பார்க்கலாம். 2.1 சவுண்ட்பாரைப் பற்றிச் சொன்னதற்கு இங்கே காரணம் காட்ட வேண்டும். பழைய தொலைபேசி கடத்தியது ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே; அதைக் கொண்டே பல தலைமுறைகள் கல்யாணம் பேசி முடித்தன, வியாபாரம் செய்தன. பேச்சைப் புரிந்துகொள்ள அந்தப் பகுதி போதும். ஊஃபர் வேலை செய்வதோ சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே. கடை, தடை, படை, சடை என்னும் நான்கையும் பிரித்துக் காட்டும் முதல் மெய்யொலியின் அடையாளங்களில் ஒன்றுகூட அந்தப் பகுதியில் இல்லை. அவற்றில் பெரும்பங்கு இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. போதாக்குறைக்கு, உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள அதிர்வெண்களைக் காதில் மறைக்கும் இயல்புடையது. ஆக, ஊஃபர் சேர்ந்ததும் படம் ‘பிரமாண்டமாக’ ஒலிக்கும், வசனம் முன்பைவிடப் பின்தங்கும், கீழ் வீட்டுக்காரரும் மாடியேறி வருவார். சண்டைக் காட்சிக்காகவும் பாட்டுக்காகவும் வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும், வசனத்துக்காக வேண்டாம்.

ஒரு நியாயத்தை மட்டும் சொல்ல வேண்டும். இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வைக்கப்பட்டிருக்கின்றன. ஒலி மேசையிலும் சுவரிலும் மோதித் திரும்பித்தான் நம்மிடம் வருகிறது. சவுண்ட்பாரின் ஸ்பீக்கர்கள் நம்மை நோக்கி இருப்பதாலேயே எந்தச் சவுண்ட்பாரும் ஓரளவு முன்னேற்றமாகத் தெரியும். ஏற்கெனவே 2.1 வாங்கிவிட்டவர்கள், ஊஃபரின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கி, பட்டையை ஷோகேஸின் உள்ளறையிலிருந்து வெளியே இழுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தால், அந்தப் பலனைக் கெடாமல் பெறலாம்.

புதிதாக வாங்குவோர் தேட வேண்டியது 3.1 அல்லது 5.1 என்று குறிக்கப்பட்ட, நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள பட்டையை. வசனம் தனக்கென்று ஓர் இடத்திலிருந்து வரும். அதைவிட முக்கியமாக, நல்ல மாடல்களில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் ரிமோட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம். ஒலிக்கலவையில் நமக்கும் ஒரு கைப்பிடி கிடைக்கும் வழி இது: இசையைத் தொடாமல் வசனத்தை மட்டும் மூன்று நான்கு டெசிபல் உயர்த்திவிட முடிகிறது. ஆனால் மேலே சொன்ன ஆலோசனை இங்கே தலைகீழாக மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். நடு ஸ்பீக்கர் இருப்பவர்கள் 5.1 தடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைக்காட்சியின் ஒலி வெளியீடும் பிசிஎம்மில் இல்லாமல் ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூவில் (வந்த ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் அமைப்பில்) இருக்க வேண்டும். இணைப்பு, தொலைக்காட்சியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஆர்க் துளை வழியாக இருப்பது நல்லது. புளூடூத்தில் இணைத்தால் ஸ்டீரியோ மட்டுமே போய்ச் சேரும்; கொடுத்த காசுக்கு வாங்கிய நடு ஸ்பீக்கர், ஸ்டீரியோவிலிருந்து ஊகித்துப் பிரித்த ஒலியைத்தான் பெறும். பணம் கொடுத்து வாங்கியும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று சொல்வோரில் பலரது வீட்டில் சிக்கல் இந்த ஓர் இணைப்பில்தான் இருக்கும். விலை 2.1ஐவிடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல் பணம்தான் வசனத்துக்காகக் கொடுப்பது.

ஒலியைப் பிரித்துப் பெருக்கிக் கொடுக்கும் ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கர்களும் கொண்ட முழு ஹோம் தியேட்டர் இதைவிடச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. சொந்த வீடு, வயர் இழுக்கச் சுவர், அதை இயக்கப் பழகும் பொறுமை மூன்றும் உள்ளவர்களுக்கு அது. வாடகை வீட்டில் இருப்போருக்குத் தலைவலி.

இவற்றுக்கு நடுவே பலரும் கருதிப் பார்க்காத ஒரு வழி, தூரத்தைக் குறைப்பது. ஸ்பீக்கரிலிருந்து நேரடியாக வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறைகிறது. சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. டைல்ஸ் தரையும் பூசிய சுவர்களும் கான்கிரீட் தளமும் கொண்ட நம் கூடங்களில் இந்த எதிரொலி அதிகம். பன்னிரண்டு அடியில் இருக்கும் நாற்காலியை ஆறடிக்கு நகர்த்தினால், வால்யூமைத் தொடாமலே 6 டெசிபல் தெளிவு கிடைத்துவிடும். நாற்காலியை நகர்த்த முடியாத இடத்தில் ஸ்பீக்கரை நகர்த்தலாம்: தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், ஹெட்போன் துளையிலிருந்து நீண்ட வயரில் இணைத்த சிறிய ஸ்பீக்கர் ஒன்று, மொத்த வீட்டையும் அதிரவைக்காமல் அவருக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். இதற்குப் புளூடூத் ஸ்பீக்கரைப் பயன்படுத்துவோர், தொலைக்காட்சியின் ஸ்பீக்கரும் கூடவே ஒலித்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டு நிலைமை மோசமாகும் என்பதை மறந்துவிடக் கூடாது. திரைச்சீலை, ஜமுக்காளம், துணி உறையிட்ட சோஃபா ஆகியவையும் எதிரொலியை ஓரளவு விழுங்கும். மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்பது கோடையில் யாரும் ஒப்பாத யோசனை என்றாலும் பலனுள்ளது.

ஹெட்போன், அறையையும் மின்விசிறியையும் ஒரே அடியில் நீக்கிவிடுகிறது. தனியாகப் பார்ப்பவருக்கு இதற்கு இணையான வழி இந்த விலையில் வேறில்லை. குடும்பத்தோடு பார்க்கும்போது ஒருவரை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து உட்காரவைக்கும் என்பதே இதன் குறை. புளூடூத் ஹெட்போனில் உதட்டசைவுக்குப் பின்னால் குரல் வருவது இன்னொரு தொல்லை: ஒலி படத்துக்கு 125 மில்லிநொடி பிந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று சொல்கிறது, சாதாரணப் புளூடூத் இணைப்புகள் இதை எளிதில் தாண்டிவிடும். உதட்டசைவும் வசனத்தைப் புரிந்துகொள்ள உதவுவதால், அது பிசகினால் தெளிவும் குறைகிறது. தொலைக்காட்சிக்கென்றே ரேடியோ அலையில் இயங்கும் ஹெட்போன்களிலும் வயர் ஹெட்போன்களிலும் இந்தத் தாமதம் உணரும்படி இராது. வாங்குமுன் உங்கள் தொலைக்காட்சியில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்துவிடுங்கள்; புதிய மாடல்கள் சிலவற்றில் அது இல்லை.

காதைப் பற்றிப் பேசத் தயங்குவதுதான் நம் வீடுகளில் பெரும் செலவுக்குக் காரணம். வயது ஏறும்போது முதலில் மங்குவது மேல் அதிர்வெண்கள். அதாவது, சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள். அதனால்தான் “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெண்கள், குழந்தைகள் பேசுவது ஆண்கள் பேசுவதைவிடப் புரியவில்லை என்பதும் அதன் இன்னோர் அடையாளம். இவர்களுக்காக வால்யூமை ஏற்றுவது, ஏற்கெனவே கேட்கும் தாழ்ந்த ஒலிகளையே மேலும் உரக்கக் கேட்கவைக்கும். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை செவித்திறனை அளக்கும் எளிய பரிசோதனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்யப்படுகிறது. குறைபாடு இருப்பது தெரிந்தால், அதற்கேற்பச் சரிசெய்த காது மெஷின் தொலைக்காட்சிக்கு மட்டுமின்றி நாள் முழுவதற்கும் உதவும். தொலைக்காட்சி ஒலியை நேரே மெஷினுக்கு அனுப்பும் துணைக்கருவிகளும் பல மாடல்களுக்கு உண்டு. காது மெஷின் மாட்டினால் கிழவன் ஆகிவிட்டதாக ஊர் நினைக்கும் என்று அப்பா மறுக்கிறார் என்பதற்காக அவருக்கு விலையுயர்ந்த சவுண்ட்பார் வாங்கிக் கொடுப்பது, இருவருக்கும் வசதியான தள்ளிப்போடல்.

ஆகவே என் வரிசை இப்படி இருக்கும். செய்தி தெளிவாக, படம் மட்டும் குழப்பும் வீட்டில், ஸ்டீரியோ தடமும் நைட் மோடும் முதலில். ஒரு மாதம் அப்படியே பார்த்துவிட்டு, இன்னும் குறை தோன்றினால் நடு ஸ்பீக்கர் உள்ள பட்டை. செய்தியே தெளிவில்லாத வீட்டில், நாற்காலியும் பெட்டியும் இருக்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பது முதலில். தொலைக்காட்சியைச் சாமி படம் போலச் சுவரின் உச்சியில் மாட்டியிருந்தால் கீழே இறக்குவதும் இதில் அடங்கும். ஒருவருக்கு மட்டும் கேட்காத வீட்டில் செவிப் பரிசோதனை, அதுவரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் சிறிய ஸ்பீக்கர். முணுமுணுப்பையே அழகாகக் கருதும் இயக்குநர்களின் படங்களுக்கு எல்லா வீட்டிலும் சப்டைட்டில்.

கடைக்குப் போவதென்று முடிவானால் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள். காட்சிக்கு வைத்த சவுண்ட்பாரில் அவர்கள் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் கண்ணாடி உடைவதும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பதுமான விளம்பரத் துண்டாக இருக்கும். அதை நிறுத்தச் சொல்லி, வீட்டில் உங்களுக்குப் புரியாமல் போன அதே படத்தின் அதே காட்சியை ஓடிடியில் 5.1 தடத்தில் போடச் சொல்லுங்கள். கடை இரைச்சலுக்கு நடுவிலேயே அந்த வசனம் புரிகிறதா என்று பார்த்து, பிறகு ரிமோட்டில் ‘சென்டர்’ அல்லது ‘வாய்ஸ்’ அளவை ஏற்றச் சொல்லி மறுபடி கேளுங்கள். அந்தப் பொத்தானே ரிமோட்டில் இல்லையென்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடலாம்.